கழிவு

மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருந்த துண்டை நேற்று எடுத்துப் பார்த்தேன். எழுத்து ஒன்றுமே இல்லை. ஆறு மாதத்துக்கு முன் உடப்புசல்லாவையில் ஒரு கொழுந்து மடுவத்தில், தராசுக்குப் பக்கத்தில் இருந்த கையடக்க மெஷின் ‘கிர்ர்’ என்று துப்பிய துண்டு. பெயர், இலக்கம், மலை நம்பர், கிலோ எல்லாம் அன்றைக்குக் கறுப்பாகப் பளிச்சென்று இருந்தன. கண்டி வீட்டு ஜன்னல் வெயில் அத்தனையையும் குடித்துவிட்டது. சூட்டில் எழுதும் காகிதம் அப்படித்தான். மை கிடையாது, காகிதத்தில் பூசிய மருந்துதான் கறுக்கிறது, பிறகு அதுவே வெளிறியும் போகிறது. வகுப்பில் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொன்னவனே ஜன்னலோரம் வைத்திருக்கிறான்.

அம்மாவின் துண்டுகள் இன்னும் ட்ரங்குப் பெட்டியில் இருக்கின்றன. ஐம்பது வருடம் தாண்டியும் ஊதா நிறம் மங்கவில்லை. அது ஒரு மாதிரிப் பென்சில். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகிவிடும், அழி றப்பருக்கு அசையாது. எங்கள் கணக்கப்பிள்ளையின் கீழுதடு எப்போதும் ஊதாவாகவே இருக்கும். சின்ன வயதில் அவர் ஏதோ ஒரு பழம் சாப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நுவரெலியாவில் பஸ் ஏறினால் கந்தப்பளை, இராகலை தாண்டி எங்கள் பக்கம். ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து இராகலை வரைக்கும் சின்ன ரயில் ஒன்று ஓடியது. தாத்தா அதில் போயிருக்கிறார். 1940-களிலேயே நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது பஸ்ஸும், அதற்கு முன்னால் இரண்டு மைல் நடையும்தான். ஆடி மாதத்துக் காய்ந்த காற்றுக்கு எங்கள் மலைத் தேயிலையில் ஒரு தனி வாசம் ஏறும் என்று டீமேக்கர் சொல்லுவார். தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாடும்போது வருகிற பச்சை வாசம் லயம் வரைக்கும் வரும். தேத்தண்ணியாக எங்கள் காம்பராவுக்கு வந்ததெல்லாம் தூள்தான். நல்லது கப்பலேறிவிடும்.

நாளுக்கு மூன்று நிறுவை. பள்ளிக்கூடம் விட்டதும் பின்னேர நிறுவைக்கு மடுவத்துக்கு ஓடிவிடுவேன். ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு, ஒரே அறை என்றிருந்த தோட்டப் பள்ளிக்கூடம் அது. மடுவத்தில் பெண்கள் வரிசையில் நிற்பார்கள்; இடுப்பில் படங்கு, தலையில் கம்பளி, முதுகில் கூடை. தராசுக் கொக்கியில் கூடை ஏறியதும் முள் ஆடும். அது ஆடி நிற்கும் முன்பே கணக்கப்பிள்ளை ஒரு எண்ணைக் கூப்பிடுவார். துண்டில் எழுதுவதோ வேறொரு எண்.

அம்மாவுக்குப் படிப்பு இல்லை. ஆனால் வெற்றிலை போடுகிறவள், சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு வந்ததும் அடுப்புக்குப் பின்னால் புகையேறிக் கறுத்திருந்த சுவரில் விரலால் குறி வைப்பாள். பத்து ராத்தலுக்கு ஒரு புள்ளி, ஒன்றுக்கு ஒரு கோடு. கூடை கொக்கியில் தொங்கும்போது முள் நின்ற இடத்தைப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டு வருவாள். கறுப்புச் சுவரில் வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாக. மாதம் முடிந்து சம்பளம் வந்ததும் துணியை நனைத்துத் துடைத்துவிடுவாள். அடுத்த மாதத்துக்குச் சுவர் தயார்.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் சுவரையும் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சுவரில் நாற்பத்து மூன்று. துண்டில் முப்பத்தெட்டு. எனக்குக் கூட்டல் கழித்தலில் அப்போது பெரிய கர்வம். மறுநாள் நேரே மடுவத்துக்குப் போனேன்.

“ஐயா, நேத்து அம்மாவுக்கு நாப்பத்தி மூணு ராத்தல் வரணும். துண்டுல முப்பத்தெட்டு இருக்கு.”

“யார்ரா சொன்னா?”

“செவுத்துல இருக்குங்க.”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். கணக்கப்பிள்ளையும் லேசாகச் சிரித்தார். “கூடைக்கு ரெண்டு, தண்ணிக்கு மூணு. கழிவு.”

“நேத்து மழையே பெய்யலீங்களே.”

அவர் பென்சிலை நாக்கில் தொட்டார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். அடுத்த வாரம் முழுவதும் அம்மாவுக்குக் கிடைத்தது மேட்டில், கொழுந்து இல்லாத மலை. அவள் என்னை அடிக்கவில்லை. “கணக்கு சரிதான்டா. கேட்ட எடந்தான் சரியில்ல” என்றாள்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கூடைக்கு எடை உண்டு. மழை நாள் கொழுந்தில் தண்ணீர் நிற்கும். அதற்கும் காசு கொடு என்று யாரும் கேட்கவில்லை. காய்ந்த நாளிலும் அதே மூன்று என்பதுதான் வழக்கு.

அதே காலத்தில், 1968 ஒக்டோபரில், ஜெர்மனியின் கார்மிஷ் என்ற மலையூரில் நேட்டோ கூட்டிய மாநாடு ஒன்றில், கணினிக்கு எழுதுகிற புரோகிராம்கள் ஏன் இப்படி நாள் தவறி, செலவு மீறி, பிழையோடு வந்து சேருகின்றன என்று ஐம்பது பேர் போல உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ‘மென்பொருள் பொறியியல்’ என்ற பெயர் அங்கேதான் நிலைபெற்றது. பின்னாளில் முப்பது வருடம் எனக்குச் சோறு போட்ட பெயர் அது. அவர்கள் மலையிலும் குளிர்தான், எங்கள் மலையிலும் குளிர்தான். எனக்கு அன்றைக்குத் தெரிந்த ஒரே கணக்குமுறை செக்ரோல் என்கிற தோட்டத்துச் சம்பளப் பதிவேடு.

1975-ல் கம்பெனித் தோட்டங்கள் அரசுக்குப் போயின. வெள்ளைக்காரத் துரை போய் சிங்களத் துரை வந்தார். பிறகு ராத்தல் போய்க் கிலோ வந்தது. தராசு மாறியது, கணக்கப்பிள்ளையும் மாறினார், கழிவு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ராத்தலில் மூன்று என்றிருந்தது கிலோவிலும் இரண்டு, மூன்று என்றே நின்றது. ஒரு கிலோ இரண்டு ராத்தலுக்கு மேல் என்பதை யாரும் பேசவில்லை. அதை நான் மட்டும் மனதுக்குள் பெருக்கிப் பார்த்துக்கொண்டேன். அப்போது ஹட்டனில் தங்கி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கக்கூடாது என்பதையும் படித்திருந்தேன்.

பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு இடம் கிடைத்தபோது லயத்தில் பாதிப் பேருக்கு அது என்ன வேலை என்று புரியவில்லை. “எஞ்சின் ஓட்டவா?” என்று தோட்டத் தலைவர் கேட்டார். மாமா ஒருவர் தன் கல்யாணக் கோட்டைத் தந்தார். கம்பஸில் அதை ஒருநாளும் போடவில்லை. ராகிங்குக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

கொம்பியூட்டரை முதலில் பார்த்தது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று. துளை போட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டி ஜன்னலில் கொடுத்துவிட்டு வர வேண்டும். மறுநாள் அகலமான பேப்பர் சுருளில் முடிவு வரும். பெரும்பாலும் ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டாய் என்ற முடிவு. கண்டியில் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஃபோர்ட்ரான் புத்தகம்தான் துணை. எழுதியவர் வி. ராஜாராமன் என்று அட்டையில் இருந்தது. ஈரோட்டில் பிறந்தவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1963-ல் ஐ.பி.எம். 1620 வந்திறங்கியபோது அதில் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் என்பதெல்லாம் பிறகு அறிந்தது. மாணவன் வாங்கக்கூடிய விலையில் புத்தகம் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். அந்தப் பிடிவாதம் கடல் தாண்டி, மூன்று கை மாறி, எட்டு ரூபாவுக்கு என்னிடம் வந்தது.

நூலகத்தில் அமெரிக்க ஆய்விதழ்களின் பழைய கட்டுகள் இருக்கும். அதில் ஒரு நாள் சி. வி. ராமமூர்த்தி என்ற பெயரைப் பார்த்தேன். பெயரைப் பார்த்துத்தான் கட்டுரையைப் படித்தேன், ஒளிக்க ஒன்றுமில்லை. 1926-ல் பர்மாவில் ஹென்சாடாவில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம். அங்கிருந்து பெர்க்லிக்குப் போய் இயந்திரப் பொறியியல். ஹனிவெல் கம்பெனியில் பத்து வருடத்துக்கு மேல் கணினிகள் கட்டுகிற வேலை, வேலை செய்துகொண்டே ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம். டெக்சாஸில் சில வருடம், 1972-லிருந்து மறுபடி பெர்க்லி, இந்தத் தடவை பேராசிரியராக. மென்பொருள் பொறியியலுக்கென்றே வருகிற ஐ.ஈ.ஈ.ஈ. ஆய்விதழுக்குத் தலைமை ஆசிரியராகவும் இருந்தார். பர்மாவுக்குப் போனவர்களின் கதை எங்களுக்குத் தெரியும். எங்களைக் கொண்டுவந்த அதே கடல்தானே. ஆனால் அங்கிருந்து ஒருவர் இந்த இடத்துக்குப் போகலாம் என்று யாரும் சொன்னதில்லை.

அவரும் ஹோ என்பவரும் 1975-ல் எழுதிய கட்டுரைதான் என்னைப் பிடித்தது. பெரிய புரோகிராம்களை மனிதன் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துத் தீராது, புரோகிராமைப் படித்துப் பிழை சொல்ல இன்னொரு புரோகிராம் வேண்டும் என்கிற விஷயம். ஃபோர்ட்ரான் எழுத்தை வாங்கி, எந்த எண் எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது என்று தேடிப்பார்க்கிற ஒரு கருவியையும் செய்திருந்தார்கள். எனக்கு உடனே அடுப்படிச் சுவர் ஞாபகம் வந்தது. துண்டைச் சரிபார்க்க இன்னொரு கணக்கு. அம்மா அதைச் சுண்ணாம்பில் செய்தாள்.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து போனேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குளிர் பழகினது, சாப்பாடு பழகவில்லை. ஆனால் அங்கேதான் லயன்ஸ் கதை தெரிந்தது. ஜே. லயன்ஸ் என்பது லண்டனின் பெரிய தேயிலைக் கம்பெனி, தெருவுக்குத் தெரு தேநீர்க் கடை வைத்திருந்தவர்கள். கேக்குக்கும் தேநீருக்கும் கணக்கெழுதியே மாளாமல், கேம்பிரிட்ஜில் கணினி கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு 3,000 பவுண் கொடுத்து உதவி, அந்த முறையைப் பார்த்துத் தாங்களும் ஒன்றைக் கட்டினார்கள். பெயர் லியோ. 1951-ல் அலுவலகக் கணக்குக்கென்று உலகில் முதன்முதலாக வாராவாரம் ஓடிய கணினி அதுதான். ராணுவமும் விஞ்ஞானமும் கணினியைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு தேயிலைக்காரன் பேக்கரிக் கணக்குப் போட்டான். பிறகு தேயிலைக் கலவைக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். ஒருவருக்குச் சம்பளக் கணக்குப் போட குமாஸ்தாவுக்கு எட்டு நிமிடம் பிடித்ததை லியோ ஒன்றரை நொடியில் முடித்தது. அந்தக் கலவையில் எங்கள் மலைக் கொழுந்தும் ஒரு பிடி இருந்தது என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும்.

அங்கே வேலை செய்த டேவிட் கேமினரை உலகின் முதல் முறைமைப் பகுப்பாளர் என்பார்கள். மெஷினைத் தொடுவதற்கு முன் வேலை எப்படி நடக்கிறது என்று போய்ப் பார் என்பதுதான் அவர் வழி. அதே லியோவில் 1952-ல் சேர்ந்தவர் பிராங்க் லேண்ட். நாஜிகளிடமிருந்து தப்பிப் பெர்லினிலிருந்து சிறுவனாக வந்த அகதி. தேயிலைக் கம்பெனியில் கற்றதைக் கொண்டுபோய் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பாடமாக்கினார். தகவல் முறைமைகளுக்கு பிரிட்டனில் முதல் பேராசிரியர் ஆனார். மடுவத்திலிருந்து பேராசிரியர் நாற்காலிக்கு ஒரு பாதை உண்டு என்று எனக்குக் காட்டியது அவர் கதைதான்.

திரும்பி வந்து கம்பஸில் விரிவுரையாளராகச் சேர்ந்த கொஞ்ச காலத்தில், 1992-க்குப் பிறகு, தோட்டங்களின் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளிடம் போனது. எல்லோருக்கும் செக்ரோலைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்ற அவசரம். ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டது. பெயர் வேண்டாம், அவர்கள் செய்தது எல்லோரும் செய்ததுதான். கொழும்பு ஒபிசில் ஏ.சி. அறை. வேலை முறையை விளக்க ஒரு பெரிய கிளார்க் வந்தார். நல்ல மனிதர், முப்பது வருட அனுபவம். பெயர் போடுவது, அரைப் பேர், கொந்தரப்பு, கைக்காசு, எல்லாவற்றையும் விரல் மடக்கிச் சொன்னார். இடையில், மூச்சு வாங்குவதற்கு முன், “கூடைக்கும் ஈரத்துக்கும் நிறுவைக்கு ரெண்டு கிலோ, சேர். அது எப்பவும் உள்ளது.”

எழுதிக்கொண்டேன். பொக்ஸ்புரோ என்ற புரோகிராம் மொழியில் ஒரே ஒரு வரி. மொத்தத்திலிருந்து இரண்டைக் கழி. மழையா வெயிலா என்று அந்த வரி கேட்காது.

துண்டு அச்சாவதற்கு மூன்று பத்தி வைத்திருந்தேன்: மொத்தம், கழிவு, மிச்சம். என் மனதுக்கு அது ஒரு சின்னப் பரிகாரம். பார்க்கிறவளுக்குக் கழிவாவது தெரியட்டுமே. மாதிரி அச்சைப் பார்த்துவிட்டு, பேப்பரின் அகலம் காணாது, பெயருக்கு இடம் வேண்டும், மிச்சம் மட்டும் இருந்தால் போதும் என்றார்கள். எண்பது எழுத்து அகலம். நான் எண்ணிப் பார்த்தேன். எழுபத்தாறில் எல்லாம் அடங்கியது. ஆனாலும் எடுத்துவிட்டேன். காசு நேரத்துக்கு வந்தது. அதில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினேன். இன்னும் ஓடுகிறது.

அந்தத் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா கேட்டாள், “நீ என்னாதான்டா வேல செய்ற? கேக்கிறவங்களுக்குச் சொல்லத் தெரியல.”

“கணக்கப்பிள்ளை வேலதாம்மா. மெசினுக்குச் சொல்லிக் குடுக்கிறேன்.”

அவள் வெற்றிலையை மடித்து வாயில் வைத்தாள். கொஞ்ச நேரம் மென்றாள்.

“அப்ப தண்ணிக்கு எவ்வளவு கழிக்கிற?”

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. தேத்தண்ணி இருக்கா என்று கேட்டேன்.

அன்றிலிருந்து முறைமைப் பகுப்பாய்வு வகுப்பின் முதல் கிழமை முழுக்க மடுவம்தான். கரும்பலகையில் ஓட்டப்படம் வரையச் சொல்லுவேன்: கொழுந்து எங்கிருந்து வருகிறது, எண் எங்கே போகிறது. கொழும்புப் பிள்ளைகள் தராசிலிருந்து தொடங்குவார்கள், கூட்டல் சரியாக முடியும். ஒரு வருடம் மஸ்கெலியா பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, ஆங்கிலம் வராமல் முதல் மாதம் அழுதுகொண்டே இருந்தவள், கழிவு என்று ஒரு வட்டம் போட்டு, உள்ளே வரும் அம்புக்குறியை மட்டும் போட்டு நிறுத்திவிட்டாள். ஓட்டப்பட விதிப்படி அது பிழை. உள்ளே போனது வெளியே வர வேண்டும். வராவிட்டால் அதைக் கருந்துளை என்போம். “அம்பு எங்கே?” என்றேன். “அதத்தான் சேர் நானும் தேடுறேன்” என்றாள்.

எனக்குத் தெரிந்த விடை எளிது. கழித்த கொழுந்தை யாரும் வீசுவதில்லை. அதுவும் லொறியேறி ஸ்டோருக்குப் போகிறது, வாடுகிறது, அரைபடுகிறது. நாலரை, ஐந்து கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை. காய்ந்த நாளில் தண்ணீருக்கென்று கழித்ததும் தேயிலையாகத்தான் வெளியே வருகிறது. அம்புக்குறி உண்டு, அது பற்றுச்சீட்டுப் பக்கம் திரும்புவதில்லை, அவ்வளவுதான். அவளுக்கு முழுப் புள்ளி போட்டேன். வெளிப் பரீட்சகர் ஏனென்று கேட்டு எழுதினார்.

மற்றப் பாடங்களுக்கும் தோட்டம் உதவியது. நாள் தவறிய மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் நாள் தவறும் என்று ஐ.பி.எம்.மில் பட்டு அறிந்து எழுதியவர் பிரெட் புரூக்ஸ். கொழுந்து மலிந்த காலத்தில் ஆள் கூடினால் கொழுந்து கூடும்; புரோகிராமில் புதியவனுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவன் தன் வேலையை விட்டு வர வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். கவ்வாத்தும் அப்படித்தான். சில வருடத்துக்கு ஒருமுறை வெட்டாவிட்டால் தேயிலைச் செடி மரமாகிக் கைக்கெட்டாமல் போய்விடும். நல்ல புரோகிராமுக்கும் வெட்டு வேண்டும், வெட்டுகிற அன்று மலை மொட்டையாக, பார்க்கச் சகிக்காமல்தான் இருக்கும். மேலதிகாரிகள் எப்போதும் அந்த மொட்டை நாளில்தான் வந்து பார்ப்பார்கள்.

2000-ல் கொழும்புப் பல்கலைக்கழகம், பேராசிரியர் வி. கே. சமரநாயக்க தலைமையெடுத்த காலத்தில், வெளிவாரியாக பி.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்பப் பட்டத்தைத் தொடங்கியது. கம்பஸுக்குள் இடம் கிடைக்காத பிள்ளைகள், கொழும்பில் கடைகளில் நின்றுகொண்டே இரவில் படித்தார்கள். எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வருவார்கள். பாடம் ஆங்கிலத்தில், சந்தேகம் தமிழில், பசி பொதுவில். அவர்களில் ஒருவன் இப்போது தராசு மெஷின்களுக்கே மென்பொருள் எழுதுகிறான். அந்த ஞாயிறு வகுப்பில் கழிவுக் கதையை இரண்டு முறை கேட்டவன். அவனிடம் நான் எதுவும் கேட்டதில்லை. ஃபிரிட்ஜ் வாங்கியவன் என்ன கேட்பது.

ஆறு மாதத்துக்கு முன் போனது அம்மாவின் திவசத்துக்கு. சித்தி மகள் இன்னும் மலைக்குப் போகிறாள். பின்னேர நிறுவைக்கு அவளோடு நடந்தேன். மடுவம் அதே இடம், கூரை மட்டும் புதிது. கூடைக்குப் பதில் பை. கொக்கியில் தொங்கியதும் சிவப்பு எண் மின்னி நின்றது. முள் ஆடுவதில்லை; அதனால் யாரும் முள்ளைப் பார்ப்பதுமில்லை. நாக்கில் பென்சில் தொடுகிற ஆளும் இல்லை, மெஷின் வைத்திருந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. துண்டு வந்தது. என் பழைய வழக்கம், வாங்கிப் பார்த்தேன். ஒரே ஒரு எண்.

“கழிவு எங்க?” என்றேன்.

“அது மெசினே கழிச்சிரும்ணே” என்றாள் தங்கச்சி. பையனும் தலையாட்டினான். துண்டை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

நேற்று அந்தத் துண்டு வெள்ளையாகிவிட்டதைப் பார்த்து அவளுக்குப் போன் எடுத்தேன். இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கமும் மழை. அன்றைக்கு எத்தனை கிலோ என்று ஞாபகம் இருக்கிறதா என்றேன்.

“ஞாபகமா? கலண்டருக்குப் பின்னால எழுதி வச்சிருக்கேன்ணே, இருங்க.” தாள் புரளும் சத்தம். “எது வேணும், என் கணக்கா, மெசின் கணக்கா?”